நீளும் பகலும் நீளும் இரவும்

பள்ளிவாசலின் முன்மண்டபச் சுவரிலே கண்ணாடிச் சட்டத்துக்குள் ஓர் அட்டவணை தொங்குவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். சுபுஹ், லுஹர், அஸர், மஃரிப், இஷா என ஐவேளைக்குரிய நேரங்களும் நாள்தோறும் சிறுகச் சிறுக மாறிக்கொண்டே செல்லும். சென்னையிலே ஜனவரிப் பிற்பகுதியில் காலை 6.35 மணியளவில் எழும் கதிரவன், மே மாத இறுதியில் 5.40 மணியளவிலேயே எழுந்து விடுகிறான். மோதினார் அவ்வட்டவணையைப் பார்க்கிறார், பாங்கு சொல்கிறார், நாமும் அணிவகுத்து நிற்கிறோம். ஆனால் இந்நேரங்கள் ஏன் மாறுகின்றன என்று எண்ணிப் பார்த்தவர்கள் நம்முள் எத்தனை பேர்?

இது வானநூல் கற்றோர்க்கு மட்டும் உரிய வினா அன்று. நம் தொழுகை கதிரவனின் நிலையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. நம் நோன்பு வைகறையின் வெளுப்பில் தொடங்கி அந்தியின் மறைவில் முடிகிறது. தொழுகை நேரம் குறிக்கப்பட்ட கடமை எனத் திருமறை (4:103) வரையறுத்து விட்டது. ஆகவே, நேரம் மாறுவதன் காரணத்தை அறிவது நம் கடமையின் எல்லையை அறிவதாகும். அறியாமையால் விளையும் இடர்கள் சிறியவை அல்ல. அவற்றைப் பற்றியே இவ்வாரம் எழுத விழைகின்றோம்.

திருமறை காட்டும் திசை

இறைவன் இரவைப் பகலிலும், பகலை இரவிலும் புகுத்துகிறான் எனும் கருத்து இறைமறையில் ஓரிடத்தில் மட்டுமன்றிப் பல இடங்களில் வருகிறது. இரவின் ஒரு பகுதி பகலுக்குள் நுழைகிறது. பிறகு பகலின் ஒரு பகுதி இரவுக்குள் நுழைகிறது. பருவங்களுக்கேற்ப ஒன்று குறைய மற்றொன்று வளர்வதையே இது குறிக்கும் என்று முற்கால விரிவுரையாளர்களும் விளக்கம் தந்துள்ளனர். இரு கிழக்குகளுக்கும் இரு மேற்குகளுக்கும் இறைவன் அவனே என்று மறை (55:17) இயம்புவதற்கும், கோடையில் கதிரவன் எழும் எல்லை ஒன்று, குளிர்காலத்தில் எழும் எல்லை மற்றொன்று என்றே அவர்கள் பொருள் கண்டனர்.

இதனை நாம் கண்ணாலேயே காணலாம். சென்னைக் கடற்கரையில் ஜூன் மாதம் ஒரு நாளும் டிசம்பர் மாதம் ஒரு நாளும் வைகறையில் நின்று பாருங்கள். ஜூனில் நேர்கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளி எழும் கதிரவன், டிசம்பரில் அதே அளவு தெற்கே தள்ளி எழுவான். இரண்டுக்கும் இடையே 48 பாகை தூரம். அவ்விடைவெளிக்குள் நாள்தோறும் ஒரு புதிய கிழக்கு!

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. திருமறை வானநூல் பாடப் புத்தகமாக அருளப்பட்டதன்று. அது சான்றைச் சுட்டிக் காட்டும், சிந்திக்கத் தூண்டும். அச்சான்றின் கணக்கை ஆராய்ந்து காண்பதை மனிதனின் அறிவுக்கே அது விட்டு வைத்திருக்கிறது. ஆண்டுகளின் எண்ணிக்கையையும் கணக்கையும் மனிதன் அறிந்துகொள்ளவே இரவும் பகலும் இரு சான்றுகளாக ஆக்கப்பட்டன என்ற கருத்து (17:12) இதற்குப் போதிய ஆதாரமாகும்.

காரணம் என்ன?

கோடையிலே பூமி கதிரவனுக்கு அருகில் செல்கிறது, குளிர்காலத்திலே விலகிச் செல்கிறது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கின்றனர். இது பிழை. பூமி கதிரவனுக்கு மிக அருகில் வருவது ஜனவரித் தொடக்கத்தில். அப்போது இடைத்தூரம் ஏறத்தாழ 14.7 கோடி கிலோமீட்டர். மிகத் தொலைவில் இருப்பது ஜூலைத் தொடக்கத்தில், அப்போது 15.2 கோடி கிலோமீட்டர். வட பாதி உலகம் குளிரால் நடுங்கும் காலமே கதிரவன் அண்மையில் இருக்கும் காலம்! ஆகவே அண்மையும் தொலைவும் பருவத்துக்குக் காரணம் அல்ல.

உண்மைக் காரணம் பூமியின் சாய்வு. தன்னைத்தானே சுற்றும் பூமியின் அச்சு செங்குத்தாக நிற்கவில்லை. 23 பாகை 26 கலை அளவு சாய்ந்திருக்கிறது. ஆண்டு முழுவதும் கதிரவனைச் சுற்றி வரும்போதும் அந்தச் சாய்வு ஒரே திசையையே நோக்கி நிற்கிறது.

வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு இதனை எளிதில் விளக்கலாம். ஓர் எலுமிச்சம்பழத்தில் மேலிருந்து கீழாக ஓர் ஈர்க்குச்சியைச் செருகுங்கள். மேசை நடுவே ஒரு விளக்கை ஏற்றி வையுங்கள். குச்சியைச் சற்றுச் சாய்த்து, அதன் முனை எப்போதும் வடக்குச் சுவரையே நோக்குமாறு பிடித்துக்கொண்டு விளக்கைச் சுற்றி வாருங்கள். விளக்குக்குத் தெற்கே நிற்கும்போது பழத்தின் தலைப்பகுதி விளக்கை நோக்கிக் குனிகிறது. வடக்கே சென்றதும் அதே தலைப்பகுதி விளக்கைவிட்டு விலகிச் சாய்கிறது. இப்போது பழத்தின் மேற்பகுதியில் ஒரு மைப்புள்ளி இட்டு, குச்சியைத் திருகிச் சுழற்றுங்கள். முதல் நிலையில் அப்புள்ளி நெடுநேரம் ஒளியிலும் குறைந்த நேரம் இருளிலும் செல்லும். மறுநிலையில் இருளே மிகும். உச்சியை ஒட்டி வைத்த புள்ளியோ ஒரு நிலையில் ஒளியைவிட்டு நீங்காது. மறுநிலையில் ஒளியையே காணாது. பழத்தின் நடுவயிற்றில் வைத்த புள்ளிக்கு மட்டும் எந்நிலையிலும் பாதி ஒளி, பாதி இருள்.

பகல் நீள்வதும் குறைவதும் இவ்வளவுதான். வட பாதி கதிரவனை நோக்கிச் சாயும் ஜூன் மாதத்தில் வடக்கே பகல் நீளும். அதே வேளையில் தென்பாதியில் இரவு நீளும். டிசம்பரில் நிலை மாறும். மார்ச் 20, செப்டம்பர் 22 ஆகிய நாள்களை ஒட்டிச் சாய்வு எப்பக்கமும் சாராது நிற்பதால் உலகெங்கும் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும்.

ஊருக்கு ஊர் கணக்கு

நாம் நிலநடுக்கோட்டுக்கு அருகில் வாழ்பவர்கள். ஆதலால் இம்மாற்றத்தின் வலிமையை நாம் உணர்வதில்லை. கொழும்பில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு முக்கால் மணியைச் சற்றே தாண்டும். காயல்பட்டினத்தில் ஒரு மணி நேரம். சென்னையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். புனித மக்காவில் நீண்ட பகல் பதின்மூன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு. குறுகிய பகல் பதினொரு மணிக்குச் சற்றுக் குறைவு. இலண்டனிலோ ஜூன் பகல் 16 மணி 38 நிமிடம். டிசம்பர்ப் பகல் எட்டு மணியும் நிரம்பாது. நார்வே நாட்டின் வடகோடியில் உள்ள டிரோம்சோ நகரில் மே மாதப் பிற்பகுதி தொடங்கி ஜூலைப் பிற்பகுதி வரை கதிரவன் மறைவதே இல்லை. நவம்பர் இறுதி முதல் ஜனவரி நடு வரை எழுவதே இல்லை.

நம் ஊரிலும் கூர்ந்து நோக்குவோர்க்கு ஒரு வியப்பு உண்டு. ஆண்டின் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22. ஆனால் கதிரவன் மிக விரைவில் மறைவது அன்றன்று. சென்னையில் அது நவம்பர் பிற்பகுதியிலேயே நிகழ்ந்து விடுகிறது. மிகத் தாமதமாக எழுவதும் அன்றன்று, ஜனவரிப் பிற்பகுதியில்தான். பூமியின் பாதை நீள்வட்டமாயிருப்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் கடிகாரத்தின் நண்பகலும் கதிரவனின் நண்பகலும் ஒன்றாக நிற்பதில்லை. சென்னையிலே கதிரவன் உச்சியைக் கடக்கும் நேரம் நவம்பர்த் தொடக்கத்தில் 11.52 மணியளவிலும், பிப்ரவரி நடுவில் 12.23 மணியளவிலும் அமைகிறது. லுஹர் அட்டவணை அரைமணி அளவுக்கு முன்பின் ஆடுவதன் மர்மம் இதுவே. “நேற்றுவரை இந்நேரம்தானே தொழுதோம்” என்று மோதினாரிடம் வழக்காடுவோர் இதனை அறிந்தால் வாய் மூடுவர்.

நிழலை அளந்த முன்னோர்

அஸர் நேரத்தை அறிய நிழலை அளக்குமாறு மார்க்கம் கற்பித்தது. ஒரு பொருளின் நிழல் அப்பொருளின் அளவுக்கு வளர்ந்ததும் அஸர் வந்து விடுகிறது என்பர் ஷாஃபிஈ மத்ஹபினர். இருமடங்கு வளரவேண்டும் என்பது இமாம் அபூஹனீஃபா அவர்களின் கருத்து. இரு கணக்கிலும் நண்பகலில் எஞ்சும் நிழலைக் கழித்துவிட வேண்டும். அந்த எஞ்சும் நிழலோ பருவத்துக்குப் பருவம் மாறும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகலில் நிழலே விழாத நாள் உண்டு. இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் நிழல் தெற்கே சாயும். மற்ற மாதங்களில் வடக்கே சாயும். ஆகவே, கடமையைச் செவ்வனே நிறைவேற்ற விரும்பிய முஸ்லிம் வானத்தைப் படித்தே தீரவேண்டியிருந்தது.

இத்தேவையே நம் முன்னோரைப் பெரும் வானியல் வல்லுநர்களாக்கியது எனலாம். ரக்கா நகரில் வாழ்ந்து 929ஆம் ஆண்டில் மறைந்த அல்பத்தானீ அவர்கள் பூமிச் சாய்வின் அளவை 23 பாகை 35 கலை எனக் கண்டார்கள். சமர்கந்தின் மன்னர் உலூக் பேக் அவர்கள் பதினைந்தாம் நூற்றாண்டில் 23 பாகை 30 கலை 17 விகலை எனக் கண்டார்கள். இன்றைய அளவோ 23 பாகை 26 கலை. இவற்றுள் எதுவும் பெரும்பிழை அன்று. அச்சின் சாய்வே நூற்றாண்டுகளில் மிக மெல்லக் குறைந்து வருகிறது. தொலைநோக்காடி இல்லாத காலத்தில் அவர்கள் கண்ட அளவுகள் அக்குறைவுக்கே சாட்சி கூறுகின்றன! திமிஷ்கின் உமையாப் பெரும்பள்ளியில் நேரக் கணிப்பாளராகப் பணியாற்றிய இப்னுஷ் ஷாத்திர் அவர்கள் 1371ஆம் ஆண்டில் அப்பள்ளியின் மினாராவுக்கென ஒரு சூரியக் கடிகாரத்தைச் செதுக்கித் தந்தார்கள். பள்ளிவாசலில் நேரம் கணிப்பதற்கென்றே ஓர் அறிஞரை அமர்த்தி ஊதியம் தந்த சமுதாயம் நம்முடையது.

நிழல்களைப் பற்றித் தனி நூலே எழுதிய அல்பீரூனீ அவர்கள் சுவையான செய்தி ஒன்றைக் கூறுகிறார்கள். தொழுகை நேரம் காட்டும் கருவி ஒன்றில் ரோமானியரின் மாதப் பெயர்கள் பொறிக்கப்பட்டிருந்தனவாம். கதிரவனின் கணக்கைப் பின்பற்றுவதால் கருவிக்கு அம்மாதங்கள் தேவைப்பட்டன. ஆனால் பள்ளியைச் சார்ந்த ஒருவர், அது பிற மதத்தாரைப் பின்பற்றுவதாகும் என்று அக்கருவியையே ஏற்க மறுத்து விட்டார். அவர்கள் உணவும் உண்கிறார்களே, அதிலும் அவர்களைப் பின்பற்றாமல் இருந்துவிடும் என்ற கருத்தில் அவருக்கு விடை கிடைத்தது. ஆயிரம் ஆண்டுகள் சென்றும் அவ்விடை இன்னும் பழையதாகி விடவில்லை.

பல்கார் நாட்டு மோதினார்

நீளும் பகல் நம் சமுதாயத்துக்கு நேற்று முளைத்த சிக்கல் அன்று. 921ஆம் ஆண்டு ஜூன் மாதம் கலீஃபா முக்ததிர் அவர்களின் தூதுக் குழுவோடு பக்தாதை விட்டுப் புறப்பட்ட இப்னு ஃபள்லான், மறு ஆண்டு மே மாதம் வோல்கா நதிக்கரையில் இருந்த பல்கார் நாட்டை அடைந்தார். அந்நாட்டு மன்னர் மார்க்கத்தைக் கற்பிக்க ஆள் அனுப்புமாறு வேண்டியிருந்தார். அங்கே தாம் கண்டவற்றை இப்னு ஃபள்லான் எழுதி வைத்துச் சென்றார்.

ஒருநாள் அந்தி கழிந்தபின், பக்தாதைச் சேர்ந்த தையற்காரர் ஒருவரோடு அவர் தம் கூடாரத்தில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். இஷாவுக்கான பாங்கொலியை எதிர்பார்த்திருந்தார். சற்று நேரத்தில் பாங்கு கேட்டது. வெளியே வந்து பார்த்தால் வைகறை வெளுத்திருந்தது! எத்தொழுகைக்குப் பாங்கு சொன்னீர் என்று மோதினாரைக் கேட்டார். சுபுஹுக்கு என்றார் அவர். அப்படியானால் இஷா எங்கே என்று கேட்க, அதனை மஃரிபோடு சேர்த்துத் தொழுது விடுகிறோம் என்றார். இதனினும் குறுகிய இரவுகள் முன்னரே சென்றன என்றும், சுபுஹ் தவறிவிடுமோ எனும் அச்சத்தால் ஒரு மாத காலமாகத் தாம் இரவில் உறங்கவில்லை என்றும் அம்மனிதர் சொன்னார். மஃரிப் வேளையில் அடுப்பில் வைத்த சட்டி வேகும் முன்பே விடியல் வந்துவிடும் என்று கூறும் நாடு அது. குளிர்காலத்தில் யாவும் தலைகீழாகி, இரவு கோடைப் பகலின் நீளத்தை அடையும் என்றும் அவ்வூரார் அவரிடம் உரைத்தனர்.

பெயர் தெரியாத அந்த மோதினாரை எண்ணிப் பாருங்கள். அவர் வானநூல் அறிந்தவர் அல்லர். தம் நாடு ஏறத்தாழ 55 பாகை வடக்கே இருக்கிறது என்பதும், அங்கே கோடைக் கதிரவன் அடிவானத்துக்குக் கீழே ஆழ மூழ்குவதில்லை என்பதும், ஆதலால் அந்தியொளி அணையும் முன்பே விடியலொளி வந்து கலக்கிறது என்பதும் அவருக்குத் தெரியா. ஆனால் கடமையை அறிந்திருந்தார். அதற்காக உறக்கத்தைத் துறந்தார். காரணம் அறிந்த நாமோ போர்வைக்குள் உறங்குகின்றோம்!

கருத்து வேற்றுமையின் கண்ணியம்

அந்தியொளி மறையாத நாட்டில் இஷாவின் நேரமே வருவதில்லை. அங்கே இஷா கடமையாகுமா? இவ்வினா நூற்றாண்டுகளாக ஹனஃபி மத்ஹபின் அறிஞர்களிடையே ஆராயப்பட்டது. ஹனஃபி நூல்களில் ஒரு நிகழ்ச்சி கூறப்படுகிறது. குவாரிஸ்ம் நாட்டு அறிஞர் ஒருவர், நேரம் வராததால் அத்தொழுகை கடமையாகாது எனத் தீர்ப்பளித்தார். அதனை ஏற்காத மற்றொரு பேரறிஞர், ஐவேளைத் தொழுகையில் ஒன்றை நீக்குபவனின் நிலை யாது என்று அவரைப் பொதுமன்றத்தில் கேட்குமாறு ஆளனுப்பினார். இரு கைகளும் முழங்கையோடு துண்டிக்கப்பட்டவனுக்கு ஒளுவின் கடமைகள் எத்தனை என்று அவர் திருப்பிக் கேட்டார். நான்காவதற்கு இடமில்லாததால் மூன்றே என்று விடை வந்தது. ஐந்தாவது தொழுகையும் அத்தகையதே என்றார் அவர். இவ்விடையைக் கேட்ட எதிர்க்கருத்தாளர் சினம் கொள்ளவில்லை. அதனைப் பாராட்டி ஏற்றார் என்கின்றன நூல்கள்.

பின்னர் வந்த இப்னுல் ஹுமாம் அவர்கள், தொழுகை கடமையே என்று வாதிட்டார்கள். அவர்கள் காட்டிய ஆதாரம் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள நபிமொழி. தஜ்ஜாலின் காலத்தில் ஒருநாள் ஓராண்டைப் போல் நீளும் எனப் பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியபோது, அந்நாளில் ஒருநாள் தொழுகை போதுமா என்று தோழர்கள் கேட்டார்கள். போதாது, நேரத்தைக் கணித்துத் தொழுங்கள் என்ற கருத்தில் பெருமானார் விடையளித்தார்கள். பாலைவனத்து மக்கள் கேட்ட அந்த ஒரு கேள்வி, வடதுருவம் வரை பரவவிருந்த சமுதாயம் முழுவதுக்கும் வழிகாட்டியாயிற்று! கஸான் நகரத்து அறிஞர் ஷிஹாபுத்தீன் மர்ஜானீ அவர்களும் அந்தி மறையாவிடினும் இஷா கடமையே என்பதை நிறுவ 1870ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்டார்கள்.

நம் காலத்தில், மக்காவில் ராபிதா அமைப்பின் ஃபிக்ஹ் சபை 1982ஆம் ஆண்டில் இதனை ஆராய்ந்தது. 24 மணி நேரத்துக்குள் இரவும் பகலும் பிரிந்து தெரியும் நாட்டில், பகல் எவ்வளவு நீண்டாலும் வைகறை முதல் அந்தி வரை நோன்பு நோற்க வேண்டும். உடல்நலம் கெடும் என அஞ்சத்தக்க நிலையில் உள்ளோர் நோன்பை விட்டுப் பின்னர் ஈடு செய்யலாம். இரவோ பகலோ பிரியாத நாட்டில் கணித்துக்கொள்ள வேண்டும் என்பது அறிஞர்கள் பலரும் ஏற்ற வழி.

ரமளானின் நீதி

இங்கே ஒரு வினா எழும். வடநாட்டான் 18 மணி நேரம் பசித்திருக்க, நாம் பதின்மூன்றரை மணியில் நோன்பு திறப்பது நீதியா? மார்க்கம் வெப்ப நாட்டாருக்கென வகுக்கப்பட்டது என்று ஏளனம் பேசுவோரும் உண்டு.

அவர்கள் ஆண்டைப் பார்க்கிறார்கள், ஆயுளைப் பார்ப்பதில்லை. ரமளான் சந்திர மாதம். ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 நாள் முன்னே வருகிறது. ஏறத்தாழ 33 ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி விடுகிறது. 2014 முதல் 2016 வரை ரமளான் ஜூன், ஜூலையை ஒட்டி வந்தபோது இலண்டன் முஸ்லிம் 18 மணி நேரத்துக்கும் மேலாக நோன்பிருந்தான். 1998, 1999ஆம் ஆண்டுகளில் அதே ரமளான் டிசம்பரில் வந்தபோது ஏறத்தாழ 10 மணியில் அவன் நோன்பு திறந்தான். 2030ஆம் ஆண்டிலோ ஜனவரியில் ஒன்றும் டிசம்பர் இறுதியில் ஒன்றுமாக இரு ரமளான்கள் தொடங்கும். மாதங்களை முன்பின் தள்ளிப் பருவத்தோடு பிணைத்து வைக்கும் பழைய அரபு வழக்கத்தைத் திருமறை (9:37) தடுத்தது. அத்தடை இல்லையேல் என்ன ஆகியிருக்கும்? ரமளான் ஜூனில் நிலைத்திருந்தால் வடபாதி மக்கள் என்றென்றும் நீண்ட பகலில் வாடியிருப்பர். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் முஸ்லிம்கள் என்றென்றும் பத்து மணிப் பகலில் நோன்பை முடித்திருப்பர். சுழலும் மாதம் அச்சுமையை எல்லார்க்கும் பங்கிட்டு விட்டது.

இன்னொன்றும் உண்டு. ஓராண்டின் பகல் நேரம் முழுவதையும் கூட்டிப் பார்த்தால், உலகின் எந்த ஊருக்கும் அது ஏறத்தாழ ஒரே அளவாகவே வரும். டிரோம்சோ நகரம் இரு திங்கள் ஓயாத ஒளியைப் பெறுகிறது. பின்னர் அதனை இருளால் ஈடு செய்கிறது. நமக்கு நாள்தோறும் சிறுகச் சிறுகக் கிடைப்பது அவர்களுக்குக் குவித்துக் கொடுக்கப்படுகிறது. கொடுப்பவன் கணக்கில் குறை வைக்கவில்லை. இரவையே நிலைக்கச் செய்தால் ஒளியைக் கொணர்பவர் யார், பகலையே நிலைக்கச் செய்தால் ஓய்வுக்கு இரவைத் தருபவர் யார் எனும் கருத்தில் திருமறை (28:71, 72) எழுப்பும் வினாக்களை வடநாட்டார் நம்மினும் நன்கு உணர்வர்.

நாம் செய்ய வேண்டுவன

இன்று நம் இல்லங்களின் பிள்ளைகள் பலர் இலண்டனிலும் நார்வேயிலும் கனடாவிலும் வாழ்கின்றனர். இலண்டனில் மே இறுதி முதல் ஜூலை மூன்றாம் வாரம் வரை அந்தியொளி முற்றிலும் அணைவதில்லை. ஆதலால் அந்நாட்டில் ஒரே நகரின் இரு பள்ளிகள் இஷாவுக்கு இரு நேரங்கள் குறிப்பதுண்டு. நள்ளிரவு நெருங்க இஷாத் தொழுது, இரண்டு மூன்று மணி நேரத்தில் சுபுஹுக்கு எழுந்து, பின் பணிக்குச் செல்லும் தொழிலாளியின் துன்பத்தை, இங்கே எட்டு மணிக்கு இஷாவை முடித்து உறங்கும் நாம் எளிதில் உணர மாட்டோம். ஆகவே, அவர்கள் தம் ஊர் உலமாப் பெருமக்களின் தீர்ப்புப்படி இஷாவை முற்படுத்தினாலும், மஃரிபோடு சேர்த்துத் தொழுதாலும், இங்கிருந்துகொண்டு அவர்களின் தொழுகை செல்லாது என்று கடிதம் எழுதுவதும், தொலைபேசியில் கடிந்துரைப்பதும் முறையன்று. முதுமையாலும் நோயாலும் நோன்பை விட்டவர்களை இறையச்சம் குன்றியவர்கள் எனப் பேசுவது அதனினும் கொடிது. இறைவன் தந்த சலுகையை மறுக்க நாம் யார்?

இரண்டாவதாக, நம் மக்தப்களில் ஓதும் சிறாருக்கு இக்கணக்கைக் கற்பித்தல் வேண்டும். எலுமிச்சம்பழமும் விளக்கும் பெரும் செலவு பிடிப்பன அல்ல. முற்றத்தில் ஒரு கோலை நட்டு, மாதம் ஒருநாள் நண்பகல் நிழலைச் சுண்ணாம்பால் குறிக்கச் செய்யுங்கள். மே 28ஆம் நாள் பிற்பகல் 2.48 மணிக்கும், ஜூலை 16ஆம் நாள் பிற்பகல் 2.57 மணிக்கும் கதிரவன் புனித கஃபாவின் நேர்உச்சியில் நிற்கிறான். அக்கணத்தில் நம் முற்றத்திலிருந்து கதிரவனை நோக்கும் திசையே கிப்லாவின் திசை. கோலின் நிழல் அதற்கு நேர் எதிரே விழும். கதிரவன் மறையும் இடமே கிப்லா என்று சொல்லி வந்த நம் பெரியவர்களின் வழக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதையும் பிள்ளைகள் தாமே கண்டறிவர். மறையும் இடம் பருவத்தோடு நகர்கிறது. கிப்லாவோ நகர்வதில்லை, சென்னைக்கு அது நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ 18 பாகை வடக்கே உள்ளது.

மூன்றாவதாக, ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அட்டவணையில் இரண்டு மூன்று நிமிட வேறுபாடு கண்டதும் பள்ளியைப் பிளக்காதீர்கள். அட்டவணை எந்த ஊருக்குக் கணிக்கப்பட்டது, வைகறைக்கு எத்தனை பாகை கொள்ளப்பட்டது என்பனவற்றை முதலில் கேளுங்கள். பெரும்பாலான சண்டைகள் அவ்வினாவிலேயே தீர்ந்துவிடும். கிழக்குக் கரைக்குக் கணித்த நேரத்தை மேற்கே நூறு கிலோமீட்டர் தள்ளி வாழ்வோர் அப்படியே கொண்டால் நான்கு நிமிட அளவில் முரண்படாதோ?

பெருமானார் (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் மறைந்த நாளில் கதிரவனைக் கிரகணம் பிடித்தது. குழந்தையின் மறைவுக்காக வானமே துயருற்றது என்றனர் மக்கள். பெற்ற துயரத்தில் ஆழ்ந்திருந்த அந்நிலையிலும் பெருமானார் அதனை ஏற்கவில்லை. எவருடைய பிறப்புக்காகவும் இறப்புக்காகவும் கதிரவனும் சந்திரனும் கிரகணம் அடைவதில்லை, அவை இறைவனின் சான்றுகள் என்ற கருத்தையே மொழிந்து தொழுகைக்கு விரைந்தார்கள். காரணத்தை அறிவதும் கடமையை ஆற்றுவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இன்று ஜும்ஆவுக்குச் செல்லும்போது அச்சுவர் அட்டவணையின் முன் ஒரு கணம் நில்லுங்கள். சாய்ந்த ஒரு கோளம், சளைக்காத ஒரு சுழற்சி, நொடியும் பிசகாத ஒரு கணக்கு ஆகிய அனைத்தும் அந்தச் சிறு எண்களுக்குள் அடங்கியுள்ளன. உறங்காது விழித்திருந்த பல்கார் நாட்டு மோதினாரையும் அப்போது நினைவு கூருங்கள். நீளும் பகலில் பொறுமையையும், நீளும் இரவில் வணக்கத்தையும், கருத்து வேறுபடும் வேளையில் கண்ணியத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவர்க்கும் அருள்வானாக! ஆமீன்.